யார் போட்ட பிரேக்

மூன்று, இரண்டு, ஒன்று என்று திரையில் எண்கள் பெரிதாக வந்து போய்ப் பச்சை விளக்கும் எரிந்துவிட்டது, கூட நின்ற கார்களெல்லாம் பேய் பிடித்த மாதிரிக் கத்திக்கொண்டு பாய்ந்துவிட்டன, நான் மட்டும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று நின்றுகொண்டிருக்கிறேன். எதைப் பார்க்க? இந்த ரோட்டில் பால்காரன் வரமாட்டான், மாடு வராது, டியூஷன் முடிந்த பிள்ளைகள் மூன்று சைக்கிளைச் சேர்த்துக் கதை பேசிக்கொண்டு நடுரோட்டில் வராது. ஆனாலும் பார்க்கத்தான் செய்கிறேன். இது என் மகள் சிந்துஜா பூனாவுக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர். அவள் அறை, அவள் நாற்காலி, பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு அவள் விளையாடிய கார்ப் பந்தயம். நான் இந்த அறைக்குள் வருவது தூசி தட்டத்தான். இன்றைக்கு அதற்கு வரவில்லை. சாயங்காலம் தென்காசியிலிருந்து தளவாய் அத்தான் வருகிறார், என் வீட்டுக்காரரின் அண்ணன். வந்து, காபியைக் குடித்துவிட்டு, வாசலில் நிற்கிற எங்கள் வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு போய்விடப் போகிறார். 'சும்மா நிக்கிற வண்டிதானே பிரமு, என் மருமகனாவது ஓட்டட்டும்' என்று இவரிடம் போனில் கேட்டிருக்கிறார். இவரும் என்னிடம் பேருக்கு ஒரு வார்த்தை கேட்காமல், 'எடுத்துட்டுப் போங்கண்ணே, இங்க இனிமே யாரு ஓட்டப்போறா' என்று சொல்லிவிட்டார். நான் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கஞ்சி கையில் கொட்டியதுகூட அப்புறம்தான் தெரிந்தது. யாரு ஓட்டப்போறா. நடுவீட்டில் உப்பு இல்லை, புளி இல்லை என்கிற மாதிரி ஒரு குரல். ஆள் ஒருத்தி பத்தடி தள்ளி நிற்கிறாள், அவள் பெயரில் ஒரு லைசென்ஸ் பீரோவுக்குள் கிடக்கிறது, அதைக் காலம் தவறாமல் புதுப்பித்துக் கொடுத்ததே இந்த மனிதர்தான், யாரு ஓட்டப்போறாவாம்.

மேல் நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் கார் ஓடுகிறது. அவ்வளவுதான் வித்தை. க்ளட்ச் கிடையாது, கியர் தானே மாறிக்கொள்கிறது. காரைப் பின்னாலிருந்து காட்டுகிறார்கள், என் முதுகை நானே துரத்திக்கொண்டு போகிற மாதிரி அசிங்கமாக இருக்கிறது. எதையோ அழுத்தினேன், சட்டென்று உள்ளே போய்விட்டேன், ஸ்டியரிங், அதைப் பிடித்திருக்கிற இரண்டு கைகள், கறுப்பு உறை போட்ட தடித்த ஆம்பிளைக் கைகள். நான் அம்பை அழுத்தினால் அவன் திருப்புகிறான். இருக்கட்டும். வளையல் போட்ட கையை வரைந்து வைக்க இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். முன்னால் ஒரு மஞ்சள் கார் ரோட்டை அடைத்துக்கொண்டு போகிறது, முந்தலாம், ஆனால் ஹார்ன் எது? ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்க்கிறேன். ஒன்றில் கண்ணாடி துடைப்பான் ஆடுகிறது, ஒன்றில் படம் நின்றுபோகிறது, நீளமான பொத்தானை அழுத்தினால் கார் பம்பரம் மாதிரிச் சுற்றிக்கொண்டு வந்த திசையைப் பார்த்து நிற்கிறது, திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் தப்பான வழி, தப்பான வழி என்று இங்கிலீஷில் அலறுகிறது. தெரிகிறது, கண் இருக்கிறது, கத்தாதே. ஹார்ன் இல்லாமல் எப்படி ஒரு காரைச் செய்தார்கள்? ஹார்ன் அடிக்காமல் ஒருத்தனை முந்துவது, கதவைத் தட்டாமல் ஒருவர் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி. திரும்பி வந்து இடது ஓரமாகவே போகிறேன். நான் படித்த கான்வெண்டில் வராந்தாவில் நடந்தால்கூட இடது ஓரம்தான், சிஸ்டர் பெர்னடெட் மரஸ்கேலோடு தூணருகே நிற்பாள், 'கீப் லெஃப்ட், கேர்ல்ஸ்', தோளில் லேசாக ஒரு தொடல், அடி என்று சொல்ல முடியாது, அன்பு என்றும் சொல்ல முடியாது. அந்த ஓரத்திலேயே போனதற்கு, பின்னால் வந்த நீலக் கார் ஒன்று என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் போகிறது. 'நாசமாப் போறவனே' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நடுவறையில் கட்டில் கிரீச்சிட்டது. சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருக்கிறார் அவர், அரைமணி நேரம் திறக்கக் கூடாது. 'ஏட்டி வடிவு, என்ன சத்தம் அது?' 'மிக்ஸி.' 'மிக்ஸி எப்பட்டி கியர் மாத்த ஆரம்பிச்சுது?' சத்தத்தைக் குறைத்தேன். காது மட்டும் பாம்புக் காது இந்த மனிதருக்கு. முன்பெல்லாம் தெருமுனையில் கார் திரும்பும்போதே இன்னார் வீட்டு வண்டி, பெல்ட் மாற்ற வேண்டும் என்பார்.

சுரங்கம் ஒன்று வருகிறது, அதைத் தாண்டியதும் வலது பக்கம் ஒரு வளைவு, அங்கேதான் ஒவ்வொரு தடவையும் சுவரில் போய் இடிக்கிறேன். இடித்தால் என்ன ஆகிறது என்கிறீர்கள், ஒன்றும் ஆவதில்லை. கார் கண்ணாடி மாதிரி மினுக்மினுக்கென்று மங்கி, திரும்ப முழுசாக ரோட்டின் நடுவில் வந்து நிற்கிறது. சாவே இல்லாத ரோடு. இதில் ஓட்டிப் பழகியவன்தான் இங்கே திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அந்த ஓட்டு ஓட்டுகிறானா? என் முதல் ஓட்டம் இப்படி இல்லை. லைசென்ஸ் வாங்கின புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோடு காலியாக இருந்தது, இவர் பக்கத்தில். கேட்டைத் தாண்டுவதற்குள் 'பிரேக், பிரேக்', காகம் உட்கார்ந்திருந்தால் 'பிரேக்', காகம் பறந்து போனால் 'ஏன் பிரேக் போட்ட?' மார்க்கெட் வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி, சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு, இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு தொடவில்லை. அவரும் கூப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் அது வசதியாகப் போயிற்று, எனக்கு ரோஷம் மிச்சம், அவருக்கு ஸ்டியரிங் மிச்சம். இப்போது டாக்டர் அவரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். கண்ணுக்குள் அழுத்தமாம், நேரே பார்ப்பது தெரியுமாம், பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டே வருமாம். அன்றைக்கு வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். ஆட்டோவுக்காக ஆஸ்பத்திரி வாசலில் வெயிலில் நின்றபோது என் முந்தானையின் நுனியை அவர் பிடித்துக்கொண்டிருந்தார், பிடித்திருப்பது அவருக்கே தெரியாமல். அதைப் பார்த்த நிமிஷம் தீர்மானித்தேன். மறுநாள் காலையிலிருந்து வாக்கிங் என்று இவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொய் இல்லை, நடந்துதான் போனேன், டிரைவிங் ஸ்கூல் வரைக்கும். அந்த மாஸ்டர் நல்ல மனிதர், பொரிகடலையைக் கொறித்துக்கொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டே வருவார், 'நல்லா ஓட்டுதியம்மா' என்பார். நன்றாகத்தான் ஓட்டினேன். ரவுண்டானாவில் பஸ்ஸுக்கு வழி விட்டேன், பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தேன், பின்னால் உருளவில்லை. பிறகு ஒரு நாள் கண் கீழே போயிற்று. மாஸ்டர் காலடியிலும் ஒரு க்ளட்ச், ஒரு பிரேக். டிரைவிங் ஸ்கூல் கார் என்றால் அப்படித்தான் இருக்கும், தெரியாதா எனக்கு? தெரியும். ஆனால் அன்றைக்கு ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்து கார் டக்கென்று நின்றபோது அவருடைய ரப்பர் செருப்பு பெடலின் மேல் இருந்தது. என் காலும் என் பெடலின் மேல் இருந்தது. நிறுத்தியது யார்? 'நீங்களா மாஸ்டர் பிரேக் போட்டீங்க?' 'யாரு போட்டா என்னம்மா, ஆடு பிழைச்சுதுல்லா.' யார் போட்டால் என்னவா? எனக்கு அது ஒன்றுதானே தெரிய வேண்டும். அப்படியானால் ரவுண்டானாவில் நின்றது யார், பாலத்தில் பிடித்தது யார், நன்றாக ஓட்டினேன் என்று நினைத்ததெல்லாம் பொரிகடலை தின்றுகொண்டு அவர் ஓட்டியதா? ராத்திரி படுத்தால் வலது கால் போர்வைக்குள் எதையோ மிதிக்கிறது, கீழே ஒன்றும் அகப்படவில்லை. அதனால்தான் இன்றைக்கு இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறேன், போதுமா? பக்கத்தில் யாரும் இல்லாத ஒரு வண்டியில் நான் நிறுத்தினால் நிற்குமா என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் அத்தானிடம் சாவியைக் கொடுக்க முடியாது என்று சொல்வேன். தெரியாமல் சொன்னால் அது வெறும் வாய்.

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு வளைவுகளை மட்டும் பார்க்கிறேன். சுரங்கம், இருட்டு, வெளிச்சம், வளைவு. கார் அழகாக வேகத்தைக் குறைத்துச் சுவருக்கு ஒரு முழம் தள்ளித் திரும்பிவிட்டது. ஆ! அடுத்த வளைவு, அதுவும். கீழே கடல், பாலம், அதற்கப்பால் இறக்கம், எல்லாம் சுவரைத் தொடாமல். ஒரு முழுச் சுற்று வந்துவிட்டேன். இடம் கடைசிதான், அதனால் என்ன, ரேஸில் ஜெயித்துக் கோப்பை வாங்கவா வந்தேன், மார்க்கெட்டுக்கும் கண் ஆஸ்பத்திரிக்கும் போய் வர வந்தேன். கன்னமெல்லாம் சூடாகிவிட்டது. சிந்துஜாவுக்குப் போன் போட்டேன். 'ம்மா, ஆபீஸ்ல இருக்கேன், என்ன, அப்பாவுக்கு எதுவுமா?' 'அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. உன் கார் கேம்ல ஹார்ன் எது?' 'நீயா விளையாடுத? நெசமாவா?' 'கேட்டதுக்குப் பதில் சொல்லு.' 'ரேஸ்ல யாரும்மா ஹார்ன் அடிப்பா?' 'பின்ன முன்னால போறவனுக்கு நாம வாறது எப்படித் தெரியும்?' 'தெரியாமத்தான் முந்தணும்!' சிரிக்கிறாள் கழுதை, பக்கத்தில் யாரிடமோ வேறு சொல்கிறாள், அவர்களும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். 'சுவத்துல இடிக்காம ஒரு சுத்து வந்துட்டேன் பாத்துக்கோ.' 'சூப்பர்ம்மா. ஆனா மொதல்ல அதுல இடிச்சுட்டே இருந்திருப்பியே?' 'ஆமா. எப்படித் தெரியும்?' 'நெறைய தடவ இடிச்சா அதுவே ஈஸிக்கு மாத்திரும். வளைவு வந்தா அதுவே பிரேக் போட்டுக்கும், நீ சும்மா மேல் பட்டனை அமுக்கிட்டே இருந்தாப் போதும்.' போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், அது ஏதோ தப்புச் செய்த மாதிரி. இதுவுமா? இங்கேயுமா ஒருத்தன் காலடியில் பெடல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்? என்னை ஒரு வார்த்தை கேட்டானா? இவள் பாவம், இடிக்கிறாள், நாமே போட்டுவிடுவோம் என்று எவன் தீர்மானித்தான்? 'அதை எடுக்கிறது எப்படி?' 'எதை?' 'அந்தப் பிரேக்கை.' 'எதுக்கும்மா, இடிச்சுக்கிட்டே இருப்ப.' 'இடிக்கிறது நானா அவனா? எப்படி எடுக்கிறதுன்னு சொல்லுட்டி.' சொன்னாள். செட்டிங்ஸுக்குள் போய், உதவிகள் என்று இருக்கிற இடத்தில் ஒவ்வொன்றாக அணைக்க வேண்டுமாம். பிரேக் உதவி, வழி காட்டும் உதவி, ஸ்டியரிங் உதவி. இத்தனை உதவி. எல்லாவற்றையும் அணைத்தேன். தலையில் வைத்திருந்த கனத்த கூடையை இறக்கிவைத்த மாதிரியும் இருந்தது, படிக்கட்டின் கைப்பிடியை விட்ட மாதிரியும் இருந்தது.

முதல் வளைவிலேயே சுவர். அடுத்த தடவையும் சுவர். கை வியர்த்துப் பொத்தான் வழுக்குகிறது, முந்தானையில் துடைத்துக்கொள்கிறேன். இது விளையாட்டு, வடிவு, இது சிந்துஜாவின் பொம்மை, செத்துப்போக மாட்டாய். ஆனால் வெளியே பயமில்லாமல் இருப்பேனா? அங்கே இடித்தால் மினுக்மினுக்கென்று மங்கித் திரும்ப வராது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம், யூனிபார்ம், தண்ணீர் பாட்டில் கழுத்தில் ஆட ஓடுகிற பிள்ளைகள். வேண்டாம். அதை நினைக்காதே. நினைக்காமல் ஓட்டுகிறவளை நம்பக் கூடாது, நினை. நினைத்துக்கொண்டே ஓட்டு. சுரங்கம் வருகிறது. இருட்டு. திடீரென்று எங்கிருந்தோ ஒரு சிவப்புக் கார் என் முன்னால். பின்னால் வரும்போதும் தெரியவில்லை, பக்கத்தில் வரும்போதும் தெரியவில்லை, எதிரே முளைத்த மாதிரி. தூக்கிவாரிப் போட்டது. எப்படித் தெரியாமல் போயிற்று? ஏனென்றால் இந்தத் திரையில் நேரே இருப்பது மட்டும்தான் இருக்கிறது. பக்கம் என்று ஒன்று இல்லை. தலையைத் திருப்பிப் பார்த்தால் சிந்துஜாவின் சுவரும் காலண்டரும்தான் தெரிகிறது. கை அம்புக்குறியின் மேலேயே நின்றுவிட்டது. இவருக்கு இப்போது இப்படித்தானா? இப்படித்தான் எல்லோரும் எங்கிருந்தோ முளைக்கிறார்களா? நான் காபி டம்ளரோடு பக்கத்தில் போய் நின்றால் 'ஏன் இப்படிப் பதுங்கிப் பதுங்கி வாற' என்று எரிந்து விழுகிறாரே. நான் பதுங்கவில்லை. பதுங்கினது அந்த இருட்டு. சத்தத்தை வைத்தே யார் வீட்டு வண்டி என்று சொன்ன மனிதர், தன் வீட்டுக்குள் தன் பெண்டாட்டி வருவதைக் காதால் தேடிக்கொண்டிருக்கிறார், அதை என்னிடம் சொல்லவும் மாட்டார், செத்தாலும் சொல்லமாட்டார். யாரு ஓட்டப்போறா. அதை எனக்கு எதிராகச் சொன்னதாகவே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேனே. அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாரோ என்னவோ. கேட்டுக்கொண்டாலும் என்னிடம் கேட்டிருக்கலாம். பத்தடி தள்ளித்தானே நின்றேன். அழுகை வரப் பார்க்கிறது, அதற்கு இப்போது நேரமில்லை. கார் இதற்குள் புல்லில் ஏறிச் சும்மா உறுமிக்கொண்டிருக்கிறது. திருப்பி ரோட்டுக்குக் கொண்டு வந்தேன். மெதுவாகப் போகிறேன். எல்லோரும் போய்விட்டார்கள், ரோடு முழுக்க எனக்கு. சுரங்கத்துக்குள் நுழைகிறபோதே மேல் அம்பிலிருந்து விரலை எடுத்தேன், கீழ் அம்பின் மேல் வைத்தேன். வெளிச்சம். வளைவு. இப்போது. அழுத்தினேன். சக்கரம் கிரீச்சிட்டது, சுவர் வந்தது, வந்துகொண்டே இருந்தது, பிறகு வரவில்லை. நின்றுவிட்டது. வளைவின் நடுவில், சுவருக்கு முன்னால், ஒரு கார் நிற்கிறது. உதவி எதுவும் இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை. நான்தான். இன்னொரு தடவை செய்து பார்த்தேன், நேரான ரோட்டில், காரணமே இல்லாமல், நின்றது. ஓட்டி, இறக்கத்தில் ஒரு தடவை. நின்றது. ரேஸ் முடிந்துவிட்டது என்று எழுத்து வந்தது, ஜெயித்தவன் யாரோ ஷாம்பெயின் பீய்ச்சுகிறான், என் பெயருக்கு நேரே முடிக்கவில்லை என்று போட்டிருக்கிறான். போட்டுக்கொள். நான் முடித்துவிட்டேன்.

வாசலில் மணி. அத்தான் வந்துவிட்டார், கையில் ஒரு பை, அல்வா வாங்கி வந்திருக்கிறார், திருநெல்வேலிக்கே அல்வா கொண்டு வருகிற ஒரே ஆள். 'என்ன வடிவு, நல்லாருக்கியா? ஏலே பிரமு, எந்திரிக்க வேண்டாம், படு படு. சாவியை மட்டும் குடு தாயி, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிருதேன்.' 'காபி குடிங்கத்தான். வெளிச்சம் இருக்கும்போதே நான் கொண்டு விட்டுருதேன்.' 'எங்க?' 'பஸ் ஸ்டாண்டுல. தென்காசிக்கு வரிசையா பஸ் நிக்கும்.' அவர் சிரித்தார், சிரித்துவிட்டு நான் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினார். 'ஆட்டோவுக்கா சொல்லியிருக்க?' 'இல்ல, நம்ம கார்தான். நான்தான் ஓட்டுதேன். வண்டி இங்கயே இருக்கட்டும் அத்தான். மாசத்துக்கு ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்குப் போகணும். உங்க மருமகன் வந்து கூட்டிட்டுப் போவாரா?' என் குரல் எனக்கே சிஸ்டர் பெர்னடெட் மாதிரி ஒலித்தது, ஒலிக்கட்டும். அத்தான் தம்பியைப் பார்த்தார். 'ஏலே, இவ என்னலே சொல்லுதா? வாக்கு குடுத்துட்டியேலே எனக்கு.' நான் இவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அனுமதி கேட்கிற மாதிரி ஆகிவிடும். கட்டிலிலிருந்து கால் கீழே இறங்கும் சத்தம், செருப்பைத் தேடுகிற சத்தம். இவர் என்ன சொல்லுவார், இப்போதும் அண்ணன் முகம்தான் பெரிதாக இருக்குமா? இருந்தாலும் ஓட்டுவேன். இல்லை, இவர் வேண்டாம் என்றால் எப்படி ஓட்டுவேன்? ஓட்டுவேன். 'க்ளட்ச் கொஞ்சம் மேல வந்துதான் பிடிக்கும்' என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி, கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டே. 'ரெண்டாவது கியர் லேசுல விழாது, அமுக்கிப் போடணும்.' 'சரி' என்றேன். காபி போட அடுப்படிக்குப் போனேன்.

காபி குடித்து முடித்தோம். இவர் சுவரைத் தொட்டுக்கொண்டே வாசலுக்கு வந்து, பின் கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார். அத்தான் முன்னால், அல்வாப் பையை மடியில் வைத்து, திருப்பிக் கொண்டு போவதா விட்டுவிட்டுப் போவதா என்று தெரியாமல். நான் உட்கார்ந்தேன். கால் பெடலுக்கு எட்டவில்லை. இத்தனை வருஷமும் இவர் காலுக்கு வைத்த சீட். அடியில் கம்பியைத் தேடி இழுத்து, சீட்டை முன்னால் தள்ளினேன், இன்னும் கொஞ்சம், முழங்கால் மடங்கி, பாதம் முழுசாகப் பெடலில் பதிகிறவரைக்கும். இனி இவர் இங்கே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைக் கீழே சாய்த்தேன், அதில் இவர் நெற்றி தெரிந்தது, பிறகு பின்னால் முருங்கை, சாத்தியிருந்த கேட். சாவியைத் திருப்பினேன். என்ஜின் ஒரு தடவை நடுங்கி உறுமியது. பின்னாலிருந்து 'பிரேக்' என்று ஒரு சத்தமும் வரவில்லை. 'அத்தான்' என்றேன், 'இறங்கிக் கேட்டைத் திறங்க.' 'நானா?' 'பின்ன?' அவர் பையை சீட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.